ஓடிப்போனவரின் ஓய்வூதியம்

வங்கியில் பென்ஷன் கவுண்டரிலேயே காலம் தள்ளியவனுக்கு ஒரு பழக்கம் ஒட்டிக்கொள்ளும். யாருடைய வாழ்க்கையைக் கேட்டாலும் பணியில் சேர்ந்த தேதி எது, விலகிய தேதி எது, இடையில் பணி முறிவு உண்டா, வாரிசு யார் என்றுதான் மனசு கணக்குப் போடும். அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாயாக இருந்த மோஸ் டிரிப்லெட்டின் கதையையும் நான் அப்படித்தான் படித்தேன். 2020 ஜூனில், ஊரடங்கில் வீட்டோடு கிடந்த சமயம், அவருடைய மகள் ஐரீன் இறந்த செய்தி கண்ணில் பட்டது. அந்தப் போருக்காக அமெரிக்க அரசு கொடுத்துவந்த கடைசி ஓய்வூதியம் ஐரீனோடு முடிந்தது என்பதுதான் செய்தி. போர் முடிந்தது 1865-இல். பணம் வாங்கியவர் பேத்தியோ கொள்ளுப்பேத்தியோ இல்லை, பெற்ற மகள். எழுதியவர்கள் எல்லோரும் அந்த ஆச்சரியத்திலேயே நின்றுவிட்டார்கள். என்னை உறுத்தியது வேறு. அப்பாவின் பணிப் பதிவில் 1863 ஜூன் 26-லிருந்து 1864 ஆகஸ்ட் 1 வரை ஓர் ஓட்டை இருந்தது. ஓட்டைக்கு இந்தப் பக்கம் அவர், தனி நாடாகப் பிரிந்துபோன தெற்கு மாநிலங்களின் படைச் சிப்பாய். அந்தப் பக்கம், பிரியவிடாமல் சண்டை போட்ட வடக்குப் படைச் சிப்பாய். ஓய்வூதியம் வந்தது இரண்டாவதற்கு.

இப்படி ஒரு கோப்பு என் மேசைக்கு வந்திருந்தால் முதல் வேலையாக மேலே அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். வரவில்லை என்பதால்தானோ என்னவோ, அது மனசை விட்டுப் போகவே இல்லை. ஓடிப்போனவர் நல்லவரா, கெட்டவரா, கெட்டிக்காரரா? படிக்கப் படிக்க ஒவ்வொரு மாதிரி தோன்றியது.

டான்வில் ஆஸ்பத்திரி

மோஸ் பிறந்தது 1846-இல். ஊர் வட கரோலினாவின் மேற்கே, புளூ ரிட்ஜ் மலையடிவாரத்தில் வில்க்ஸ் கவுண்டி, நம் ஊர்க் கணக்கில் ஒரு மாவட்டம். பருத்தி வயல், வெள்ளைத் தூண் வைத்த மாளிகை, வரிசையாக அடிமைக் குடிசைகள் என்று சினிமாவில் பார்க்கும் தெற்கு இல்லை இது. மேட்டு நிலம், மக்காச்சோளம், பன்றி, விறகு. அடிமைகளை வைத்திருந்தவர்கள் இங்கேயும் உண்டு, ஆனால் பெரும்பாலான குடும்பங்கள் தங்கள் கையாலேயே உழுது பிழைத்தவை. தனி நாடாகப் பிரிவதில் இந்த மலைப்பக்கத்து ஜனங்களில் பலருக்கு ஆரம்பத்திலிருந்தே மனசு ஒட்டவில்லை.

1862 ஏப்ரலில் தெற்கு அரசு கட்டாய ஆள்சேர்ப்புச் சட்டம் போட்டது. 18 முதல் 35 வயது வரை உள்ள வெள்ளை ஆண்கள் எல்லோரும் வரவேண்டும். மோஸுக்கு வயது 16. சட்டம் அவரைத் தொடவில்லை. ஆனாலும் அந்த ஆண்டே 53-ஆவது வட கரோலினா காலாட்படையில் சேர்ந்தார். 1863 ஜனவரியில் 26-ஆவது ரெஜிமென்ட்டுக்கு மாற்றல். அந்த ரெஜிமென்ட்டுக்கு முதலில் கர்னலாக இருந்த செபுலான் வான்ஸ், 1862-இலேயே தேர்தலில் ஜெயித்து மாநில ஆளுநராகப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவர் ஹென்றி பர்க்வின். அப்போது வயது 20. வீரர்கள் அவரைப் பொடியன் கர்னல் என்பார்கள். பொடியனுக்குக் கீழே அவரைவிடப் பொடியன்கள்.

1863 ஜூனில் தெற்குத் தளபதி ஜெனரல் லீயின் படை வடக்கே பென்சில்வேனியாவை நோக்கி நகர்ந்தது. வழியில் மோஸ் நோய்ப்பட்டார். வர்ஜீனியாவில் டான்வில் என்ற ஊரின் ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். அந்தப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட நோயில் செத்தவர்கள்தான் அதிகம். செத்த மூவரில் இருவரை நோய்தான் கொண்டுபோனது. பக்கத்து வீடே அரை மைல் தள்ளி இருக்கும் மலைக் கிராமத்துப் பையன்களை ஆயிரக்கணக்கில் ஒரே கூடாரத்து வரிசையில் அடைத்தால் அம்மையும் பேதியும் டைஃபாய்டும் சும்மா விடுமா?

ஜூன் 26 அன்று அவர் ஆஸ்பத்திரியிலிருந்து காணாமல் போனார். ஓடிப்போனவர் என்று பதிவாகிவிட்டது.

இதற்கு ஐந்து நாள் கழித்து, ஜூலை 1 அன்று, 26-ஆவது ரெஜிமென்ட் பென்சில்வேனியாவின் கெட்டிஸ்பர்க்கில் வில்லோபி ஓடையைத் தாண்டி எதிரே இருந்த காட்டுக்குள் ஏறியது. காட்டுக்குள் காத்திருந்தது வடக்குப் படையைச் சேர்ந்த மிச்சிகனின் 24-ஆவது ரெஜிமென்ட். இரு பக்கமும் பத்து இருபது தப்படித் தூரத்தில் நின்று சுட்டுக்கொண்டார்கள். கொடி பிடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக விழுந்தார்கள். கடைசியில் பர்க்வினே கொடியைக் கையில் எடுத்தார், அவரும் விழுந்து அன்றே செத்தார். வில்க்ஸுக்குப் பக்கத்துக் கவுண்டியான கால்ட்வெல்லிலிருந்து வந்த எஃப் கம்பெனியில் 91 பேர் சண்டைக்குப் போனார்கள். அன்று மாலை காயமில்லாமல் நின்றவர் ஒருவரும் இல்லை. மிச்சம் இருந்த ரெஜிமென்ட்டை இரண்டு நாள் கழித்துத் திரும்பவும் இறக்கினார்கள், ஜெனரல் பிக்கெட்டின் பெயரில் எல்லோரும் நினைவில் வைத்திருக்கும் அந்தத் தாக்குதலில். போனவர்கள் எண்ணூற்றுச் சொச்சம். செத்தவர், காயம்பட்டவர், சிறைப்பட்டவர் கணக்கு 680-க்கு மேல். கெட்டிஸ்பர்க்கில் எந்தப் பக்கத்து ரெஜிமென்ட்டும் இவ்வளவு ஆட்களை இழக்கவில்லை.

மோஸின் கதையை எழுதும் எல்லோரும் இந்த இடத்தில் ஒரு பெருமூச்சு விடுகிறார்கள்: கெட்டிஸ்பர்க்கிலிருந்து தப்பியவர், நல்ல நேரம், ஆயுசு கெட்டி. எனக்கு அது சரியாகப் படவில்லை. ஜூன் 26 அன்று, அங்கேதான் பெரிய சண்டை நடக்கப்போகிறது என்று லீக்கே தெரியாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த 17 வயதுப் பையனுக்கு எங்கிருந்து தெரியும்? கெட்டிஸ்பர்க்கை வைத்து அவரைக் கோழை என்றும் சொல்ல முடியாது, புத்திசாலி என்றும் சொல்ல முடியாது. அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியவை ரொம்பச் சின்ன விஷயங்கள்: படை வடக்கே போகிறது, வீடு மேற்கே நூறு மைலுக்கு மேல் இருக்கிறது, உடம்பு எழுந்து நடக்கிற அளவுக்குத் தேறிவிட்டது. பிடிபட்டால் சுட்டுத் தள்ளலாம் என்று சட்டம் இருந்தது. அதுவும் தெரிந்திருக்கும். ஓடிப்போனவர்களைப் படை அணிவகுத்து நிற்க, எல்லோர் கண் முன்னாலும் சுடுவது அங்கே வழக்கம். ஆகவே கட்டிலை விட்டு எழுந்ததற்கும் கொஞ்சம் நெஞ்சழுத்தம் வேண்டியிருந்திருக்கும்.

பதின்மூன்று மாதம்

பணி முறிவு பதின்மூன்று மாதம். அந்தக் காலத்தில் வில்க்ஸ் கவுண்டி எப்படி இருந்தது என்று பார்த்தால் அது முறிவாகவே தெரியாது. போர் ஊருக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. படையை விட்டு வந்தவர்கள் மலையில் பதுங்கியிருப்பார்கள். இருட்டிய பிறகு அம்மாவோ அக்காவோ சோற்று மூட்டையோடு போவார்கள். அவர்களைத் தேடி உள்ளூர்க் காவல் படையான ஹோம் கார்டு வரும். ஹோம் கார்டில் இருப்பவன் வேறு யாரோ அல்ல, பக்கத்துத் தோட்டத்துக்காரன், சர்ச்சில் முன் பெஞ்சில் உட்கார்பவன். 1863 செப்டம்பரில், முன்னாள் கர்னல், இந்நாள் ஆளுநர் வான்ஸ் கேட்டுக்கொண்டதன் பேரில் லீ தன் படையிலிருந்தே ஜெனரல் ராபர்ட் ஹோக்கை ஆட்களோடு அனுப்பினார். வில்க்ஸ், யாட்கின் பக்கமெல்லாம் சல்லடை போட்டுச் சலித்தார்கள். ஓடிப்போனவர்களை ஒளித்த குடும்பங்கள் பட்ட பாடு தனிக்கதை.

வான்ஸை நினைத்தால்தான் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும். ஆளுநர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு தெற்குத் தலைநகரத்தோடு ஓயாமல் சண்டை போட்டவர் அவர்தான், எங்கள் மாநிலத்துப் பையன்களைத்தான் நீங்கள் அதிகம் பிடுங்குகிறீர்கள் என்று. அவரே தன் பழைய ரெஜிமென்ட்டுக்காரர்களைப் பிடிக்க ஆள் கேட்டார். அரசியலில் இருப்பவனுக்கு இரண்டு வாய் வேண்டும் போல.

1864 ஆகஸ்ட் 1 அன்று, மலைக்கு அந்தப் பக்கம் டென்னஸியில் நாக்ஸ்வில் ஊரில், மோஸ் டிரிப்லெட் வடக்குப் படையில் பெயர் எழுதினார். படை, 3-ஆவது வட கரோலினா மவுண்டட் இன்ஃபன்ட்ரி, அதாவது குதிரையேறிப் போகும் காலாட்படை. தலைவர் ஜார்ஜ் கர்க். இது பெயருக்குத்தான் ரெஜிமென்ட். மலைப்பாதை தெரிந்த உள்ளூர்க்காரர்களைக் கொண்டு தெற்குப் படையின் பின்பக்கத்தைக் குத்துவதுதான் வேலை. 1865 மார்ச் கடைசியில் வடக்கு ஜெனரல் ஸ்டோன்மனின் குதிரைப்படை மலையிறங்கி வில்க்ஸ்பரோ வழியாகப் போனபோது, பின்னால் வந்த கர்க்கின் ஆட்கள் மலைக் கணவாய்களில் காவல் நின்றார்கள். பூன் ஊரின் நீதிமன்றக் கட்டடத்தைக் கோட்டையாக்கிக்கொண்டார்கள். வில்க்ஸுக்கும் பூனுக்கும் நடுவே ஒரு மலைதான். ஆகஸ்டில் ரெஜிமென்ட் கலைக்கப்பட்டது.

ஊர்க்காரர்கள் ஓடிப்போனதைக்கூட மன்னித்திருப்பார்கள். ஓடிப்போகாத வீடு அந்தக் கவுண்டியில் குறைவு. கர்க்கின் ஆள் என்பதைத்தான் மன்னிக்கவில்லை. குதிரையும் பன்றியும் இறைச்சிக் கிடங்கும் கர்க்கின் ஆட்களிடம் பறிகொடுத்த வீடுகள் ஏராளம். அப்புறம் 1870-இல் ஆளுநர் ஹோல்டன், கு கிளக்ஸ் கிளான் என்ற வெள்ளை இனவெறிக் கூட்டத்தை அடக்க இதே கர்க்கைக் கூட்டிவந்தார். அதற்குக் கூலியாக ஹோல்டனின் பதவியே போனது. கர்க் என்ற பெயர் கேட்டாலே வட கரோலினா வெள்ளைக்காரர்களுக்குப் பல தலைமுறைக்கு ரத்தம் கொதித்தது. அந்தப் பெயரோடு மோஸ் அதே ஊருக்குத் திரும்பி, அந்தக் கவுண்டியின் எல்க் கிரீக் பக்கத்தில் இன்னும் 73 வருஷம் குடியிருந்தார்.

சுபேதார் சாரின் தீர்ப்பு

வேலூர் பக்கம் பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத கிராமம் குறைவு. என் கவுண்டருக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மிலிட்டிரிக்காரர்கள். அவர்களில் ஒரு சுபேதார், நான் ஓய்வு பெற்ற பிறகும் பழக்கத்தை விடவில்லை. சாயங்காலம் டீக்கடையில் சந்திப்போம். அவரிடம்தான் மோஸின் கதையை முதலில் சொன்னேன். முழுசாகச் சொல்ல விடவில்லை.

“ஓடினவனுக்குப் பென்ஷனா? என்னா சார் கதை விடுறீங்க.”

பிறகு வடக்குப் படையில் ஒழுங்காக ஒரு வருஷம் வேலை பார்த்திருக்கிறார், முறைப்படி விடுவிக்கப்பட்டிருக்கிறார் என்றேன்.

“அது அவங்களுக்கு. இவன் பக்கத்துல படுத்துக் கெடந்தவனுக்கு? ராத்திரி காவலுக்கு நாலு பேர்ல ஒருத்தன் இல்லேன்னா மூணு பேர் முழிக்கணும் சார். ஒருத்தன் ஓடினா அவன் தூக்கம் மட்டுமில்ல, அவனோட குண்டும் நம்ம மேலதான் வரும்.”

அடிமைகளை வைத்துப் பிழைப்பதற்காகத் தனி நாடு கேட்டவர்களின் படைதானே அது, அதை விட்டு ஓடினால் என்ன தப்பு என்று கேட்டேன்.

“அதை நினைச்சா ஓடினான்? சொல்லுங்க.”

இதற்கு என்னிடம் பதில் இல்லை. அடிமை முறை பிடிக்காமல் ஓடினார் என்று காட்ட ஒரு துண்டுச் சீட்டும் கிடையாது. காரணத்தைப் பதிவு செய்வது எந்த ராணுவத்தின் வேலையும் இல்லை. எனக்குத் தோன்றுவது இதுதான்: ஒரு படை தப்பான காரியத்துக்காகச் சண்டை போடும்போது, அதிலிருந்து விலகுபவன் சரியான காரணத்துக்காகத்தான் விலகவேண்டும் என்று நாம் அடம்பிடிக்கத் தேவையில்லை. வயிற்றுவலிக்காக விலகினாலும் ஒரு துப்பாக்கி குறைந்தது. சுபேதார் சார் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கேட்ட அடுத்த கேள்வி இன்னும் கூர்மையானது. அந்த எஃப் கம்பெனி 91 பையன்களின் குடும்பத்துக்கு யார் பென்ஷன் கொடுத்தார்கள்?

நியாயமான கேள்வி. மத்திய அரசு கொடுக்கவில்லை. அது தன்னை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கியவர்களின் வீட்டுக்குச் சோறு போட வேண்டிய அவசியமில்லை என்றது. வட கரோலினா மாநிலம்தான், அதுவும் போர் முடிந்து இருபது வருஷம் கழித்து, 1885-இல், உடல் உறுப்பு இழந்தவர்களுக்கும் புருஷனைப் பறிகொடுத்த விதவைகளுக்கும் ஒரு சொற்பத் தொகை ஒதுக்கியது. அதே 1885-இல்தான் மோஸ் மத்திய அரசிடம் விண்ணப்பம் போட்டார். ஒரே கவுண்டியில், ஒரே வருஷத்தில், ஒரே போருக்கு, இரண்டு கஜானாவை நோக்கி இரண்டு வரிசை. பின்னாளில் 1958-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, தெற்குச் சிப்பாய்களின் விதவைகளுக்கும் மத்திய அரசே ஓய்வூதியம் தரும் என்றது. அதற்குள் பெரும்பாலானோர் போய்ச் சேர்ந்திருந்தார்கள்.

“தொண்ணூத்து மூணு வருஷம் கழிச்சா?” என்றார் சுபேதார் சார். நம் ஊர் கருவூலத்தைத் திட்டுவதை அன்றைக்கு மட்டும் நிறுத்தினார்.

பென்ஷன் பீரோ

இந்த ஓய்வூதிய ஏற்பாடு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லாமல் போக முடியாது. 1890-களின் தொடக்கத்தில் அமெரிக்க அரசின் மொத்த வருமானத்தில் நாற்பது சதவீதத்துக்கு மேல் பழைய சிப்பாய்களுக்கும் அவர்கள் குடும்பத்துக்கும் போனது. அதைக் கவனித்த பென்ஷன் பீரோ என்ற அலுவலகத்துக்கென்றே வாஷிங்டனில் செங்கல்லால் ஓர் அரண்மனை கட்டினார்கள், 1887-இல் முடிந்தது. வெளிச்சுவரைச் சுற்றி ஆயிரத்து இருநூறு அடிக்குச் சுடுமண் சிற்பப் பட்டை. காலாட்படை, குதிரைப்படை, பீரங்கி, காயம்பட்டவர்கள், கடற்படை என்று சிப்பாய்கள் கட்டடத்தைச் சுற்றி நடந்துகொண்டே இருப்பார்கள். உள்ளே மாடிப்படிகளை உயரம் குறைத்து வைத்திருக்கிறார்கள், நொண்டி வருபவர்கள் ஏறுவதற்காக. முதல் மாடிக்கு ஏற முடியாத முதியவர்களைக் கீழேயே உட்காரவைத்து நானே படிவத்தோடு ஓடியிருக்கிறேன். அந்தப் படியை வடிவமைத்தவர் யாரோ கவுண்டர் வேலையின் வலி தெரிந்தவர்.

கிளர்ச்சிக்குத் துணைபோனவருக்கு ஓய்வூதியம் கிடையாது என்ற விதி அங்கேயும் இருந்தது. பிறகு வடக்குப் படையில் சேர்ந்து ஒழுங்காக விடுபட்டவர்களுக்காக அது தளர்ந்தது. போர் முடிவது உறுதியான பிறகு கடைசி நேரத்தில் ஒட்டிக்கொண்டவர்களுக்கு இடம் இல்லை. 1865 ஜனவரி 1-க்கு முன்பே சேர்ந்திருக்க வேண்டும். மோஸ் ஐந்து மாதம் முன்னால் சேர்ந்தவர். ஒரு குமாஸ்தாவாகச் சொல்கிறேன், இப்படி ஒரு தேதிதான் வாழ்க்கையை மாற்றும். கெட்டிஸ்பர்க்குக்கு ஐந்து நாள் முன்பு ஓடியதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். ஐந்து மாதம் முன்பு சேர்ந்ததைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. மகளுக்குச் சோறு போட்டது இதுதான்.

எலைடா

மோஸுக்கு முதல் மனைவி மூலம் குழந்தை இல்லை. அந்த அம்மாள் 1920-களில் இறந்துபோனார். 1924-இல், 78 வயதில், எலைடா ஹால் என்ற பெண்ணைக் கட்டினார். அவரைவிட ஏறத்தாழ ஐம்பது வயது சின்னவர். கேட்டவுடன் முகம் சுளிக்கத் தோன்றும். ஆனால் அந்த மலைப்பக்கத்தில் கிழட்டுச் சிப்பாயைக் கட்டிக்கொள்வது அப்போது அதிசயமில்லை. மாதாமாதம் தவறாமல் ரொக்கம் வருகிற ஆம்பிளை அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவர் ஒருவர்தான். பக்கத்து டென்னஸியில் கெர்ட்ரூட் ஜேன்வே என்ற பெண் 1927-இல் 81 வயது வடக்குப் படைக்காரரை மணந்தார். 2003-இல் இறக்கும்வரை விதவை ஓய்வூதியம் வாங்கினார். மிசௌரியில் ஹெலன் ஜாக்சனுக்கு 1936-இல் வயது 17, மாப்பிள்ளைக்கு 93. பென்ஷனாவது உனக்குக் கிடைக்கட்டும் என்று சொல்லித்தான் அந்தக் கிழவர் கட்டிக்கொண்டார். ஆனால் புருஷனின் மகள் ஊரெல்லாம் பெயரைக் கெடுத்துவிடுவேன் என்று மிரட்டியதால் ஹெலன் கடைசிவரை விண்ணப்பமே போடவில்லை. கல்யாணம் ஆனதையே வயதான பிறகுதான் வெளியே சொன்னார். 2020 டிசம்பரில் இறந்தார், ஐரீனுக்கு ஆறரை மாதம் பின்னால்.

எலைடாவுக்குச் சில குழந்தைகள் பிறந்து தங்கவில்லை. 1930 ஜனவரி 9 அன்று ஐரீன் பிறந்தார். அப்பாவுக்கு 83, அம்மாவுக்கு 34. குழந்தைக்கு மனவளர்ச்சி குறைவு. மூன்று வருஷம் கழித்து எவரெட் என்று ஒரு தம்பி. பொருளாதார மந்தம் ஊரை விழுங்கிக்கொண்டிருந்த காலம்.

வீட்டில் மோஸ் எப்படிப்பட்டவர்? ஊர்க்காரர்களுக்கு அவரைக் கண்டால் பயம். விரியன் பாம்புகளை வளர்த்தார். மடியில் துப்பாக்கியை வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். நினைத்தால் எதிர் மரத்து அக்ரூட் காயைச் சுட்டு விழுத்துவார். கர்க்கின் ஆளாக எழுபது வருஷம் அதே ஊரில் வாழ்ந்தவர் மடியில் துப்பாக்கி இருந்ததில் எனக்கு வியப்பில்லை. ஆனால் வீட்டுக்குள் அந்தப் பிள்ளைக்கு அடைக்கலம் இல்லை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கட்டையால் அடித்தார், வீட்டில் பெற்றவர்கள் அடித்தார்கள், கூடப் படித்த பிள்ளைகள் துரோகியின் மகள் என்று கேலி செய்தார்கள். ஒன்றாம் வகுப்பிலேயே புகையிலை மெல்லும் பழக்கம். பின்னாளில் ஒரு பத்திரிகையாளரிடம் ஐரீன், அம்மா அப்பா இரண்டு பேரையுமே தனக்குப் பிடிக்காது, அவர்களிடமிருந்து தப்பிப் போகத்தான் ஆசைப்பட்டதாகப் பட்டென்று சொன்னார். பாரம்பரியம், முன்னோர் பெருமை என்று கொடியைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களிடம் இந்தப் பதிலை ஒருதரம் வாசித்துக் காட்ட வேண்டும்.

1938-இல் கெட்டிஸ்பர்க்கின் எழுபத்தைந்தாம் ஆண்டு. இரு பக்கத்துக் கிழவர்களும் கூடினார்கள், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் பேர், சராசரி வயது 94. செலவெல்லாம் அரசாங்கம். ஒவ்வொருவருக்கும் துணைக்கு ஓர் ஆள், தங்குவதற்குக் கூடாரம். ஜூலை 3 அன்று அதிபர் ரூஸ்வெல்ட் வந்து சமாதான நினைவுத் தூணைத் திறந்துவைத்தார். 92 வயதில் மோஸும் போனார். 1863-இல் போயிருக்க வேண்டிய ஊருக்கு எழுபத்தைந்து வருஷம் தாமதமாக ஆஜர் கொடுத்தார் என்று நான் சொன்னபோது சுபேதார் சார் சிரிக்கவில்லை. “சர்க்கார் செலவுலயா?” என்று மட்டும் கேட்டார். திரும்பி வந்த சில நாட்களில், ஜூலை 18 அன்று மோஸ் இறந்தார். கல்லறைக் கல்லில் அவர் உள்நாட்டுப் போர்ச் சிப்பாய் என்று மட்டும் வெட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் என்று இல்லை.

அந்தக் கல்லைப் பற்றி நிறையப் பேர் உருகியிருக்கிறார்கள், சமரசம், மன்னிப்பு என்று. கல் வைத்த குடும்பத்துக்கு அதே ஊரில் அதற்கப்புறமும் குடியிருக்க வேண்டியிருந்தது, அவ்வளவுதான் என்று எனக்குப் படுகிறது.

73 டாலர் 13 சென்ட்

புருஷன் போன ஐந்து வருஷத்தில், 1943-இல், எலைடாவும் ஐரீனும் வில்க்ஸ் கவுண்டி ஏழைகள் விடுதியில் சேர்ந்தார்கள். 1960-இல் தனியார் முதியோர் இல்லம் ஒன்றுக்கு மாறினார்கள். எலைடா 1967-இல் இறந்தார். தம்பி எவரெட் 1996-இல். ஐரீன் இருந்தார். சிறு வயதிலேயே சுயமாகப் பிழைக்க முடியாமல் போன பிள்ளை என்ற வகையில், மாதம் 73 டாலர் 13 சென்ட் வந்துகொண்டே இருந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் அது ஒரு வாரத்து மளிகைக்குக் காணாது. ஆனாலும் வந்தது. கடைசிக் காலத்தில் வடக்குப் படையினரின் வழித்தோன்றல்கள் சங்கத்தார் வந்து பார்த்தார்கள், பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள்.

நம் விதிகளிலும் இப்படி ஒரு பிரிவு உண்டு. மனவளர்ச்சி குன்றிய மகனோ மகளோ இருந்தால் குடும்ப ஓய்வூதியம் ஆயுள் வரைக்கும். அந்தப் படிவத்தோடு வருகிற அம்மாக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஒருவர், வளர்ந்த மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, அவளுடைய கட்டைவிரலை மைப்பெட்டியில் தானே அழுத்தி, படிவத்தில் தானே வைத்து, புடவைத் தலைப்பால் துடைத்துவிட்டார். பணம் எவ்வளவு என்று அவர் கேட்கவே இல்லை. “நான் போனப்புறம் நிக்காதே, இல்ல சார்?” என்றுதான் கேட்டார். அந்தப் புருஷன் எப்படிப்பட்ட ஊழியர், லீவு போட்டுவிட்டு வீட்டில் கிடந்தாரா, மேலதிகாரியோடு சண்டையா, நான் பார்க்கவில்லை. பார்க்கவேண்டிய இடமும் அது இல்லை. மோஸ் விஷயத்திலும் நான் வந்து நிற்பது இங்கேதான். அவர் ஓடியது பற்றி நானும் சுபேதாரும் சாகும்வரை சண்டை போடலாம். அந்த 73 டாலர் போன விலாசம் சரியானது.

இதை மட்டும் சுபேதார் சார் ஏற்றுக்கொண்டார். “பொண்ணுக்குன்னா சரி” என்றார். அப்புறம் ஒரு பழைய பென்ஷன்தாரர் கேட்கக்கூடிய கேள்வியைக் கேட்டார்: “என்னைக்கு செத்துச்சு அது?”

மே 31, ஞாயிற்றுக்கிழமை, கீழே விழுந்ததில் அறுவை சிகிச்சை, அதற்குப் பிறகு தேறவில்லை, வயது 90 என்றேன்.

“அப்ப மே மாசம் முழுசும் உண்டு.”

இல்லை என்றேன். அமெரிக்க விதிப்படி, இறந்த மாதத்துக்கு ஓய்வூதியம் கிடையாது. முந்தைய மாதத்தின் கடைசி நாளோடு கணக்கு நிற்கும். ஏப்ரல் 30 வரைதான். நம் ஊரில் செத்த தேதியும் சேர்த்தே கணக்கு.

சுபேதார் சாருக்குக் கோபம் வந்துவிட்டது. நூறு வருஷத்துக்கு மேல் ஓடிப்போனவனுக்கும் அவன் குடும்பத்துக்கும் அள்ளிக்கொடுத்த அரசாங்கம், முப்பத்தோரு நாளும் உயிரோடு இருந்த பெண்ணுக்கு ஒரு மாதப் பணத்தைப் பிடித்துக்கொள்வதா? மனு போட்டால் கிடைக்காதா என்று கேட்டார். மனு போட வாரிசு வேண்டுமே சார் என்றேன். மாநிலப் படைவீரர் நலத்துறை என்று அங்கேயும் ஏதாவது இருக்கும், அதற்கு எழுதலாம் என்றார். விதி விதிதான் என்று நான் சொல்லியும் விடவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் வருஷத் தொகையான 877 டாலர் 56 சென்ட்டைப் பன்னிரண்டால் வகுத்து, என் தொகை சரியா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.